முதல் அணு

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அண்ணியை நான் வாயடைக்க வைத்தது ஒரே ஒரு தடவைதான். அதையும் வீட்டில் வைத்துச் செய்யவில்லை. ஆய்வுக்கூடத்தின் கூட்ட அறையில், எங்கள் தலைவர் முதல் லேசர்காரர் வரை எல்லோரும் பார்க்கச் செய்தேன். அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன்.

அண்ணி என் கணவரின் அக்கா. நாங்கள் இருவரும் ஒரே வளாகத்தில் வேலை பார்க்கிறோம். அவள் படிகம் வளர்க்கிறவள். உலையில் உருகிக் கிடப்பதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்து, சூடு ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் காவல் இருந்து, ஒரு கல்லை எடுப்பாள். நான் அதே கல்லைக் கம்ப்யூட்டருக்குள் அணு அணுவாக அடுக்கிவைத்து ஆட்டிப் பார்க்கிறவள். அவள் முன்கையில் சூடு பட்ட தழும்புகள் இருக்கின்றன. என் கையில் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிக்காட்ட அவள் மறந்ததே இல்லை.

"உன் கல்லு உடைஞ்சா பட்டனை அழுத்தினா மறுபடி வந்துடும். என்னோடது உடைஞ்சா உடைஞ்சதுதான், கணக்குப்புலி" என்பாள். கணக்குப்புலி என்பது எனக்கு அவள் வைத்த பெயர். பாராட்டு இல்லை.

இப்போது அவளிடம் இருந்தது கட்டைவிரல் அளவுக்கு ஒரு கல். அதற்கு முன் வளர்த்தவை எல்லாம் ஆறும்போதே விரிசல் விட்டுவிட்டன. இது ஒன்றுதான் தேறியது. தேற ஒரு வருஷம் ஆயிற்று. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நான்கூட அத்தனை தடவை எழுந்து சூடு பார்த்ததில்லை. அண்ணிக்குப் பிள்ளை இல்லை என்பதால் வீட்டில் இதைச் சொல்லிக் கேலி செய்ய மாட்டோம். ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கல்மேல் லேசரை விட்டு, எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். அதுதான் திட்டம். பழைய எல்லை ஒன்று இருந்தது. அதற்கு மேல் போனால் உடையும் என்பது எல்லோருடைய அனுபவம். அதைத் தாண்டிப் போகலாம் என்று சொன்னவள் நான்.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. படிகத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஒன்றைத் தட்டினால் பக்கத்தது ஆடும், அதற்குப் பக்கத்ததும் ஆடும், சற்று நேரத்தில் ஆட்டம் எல்லாவற்றுக்கும் பங்காகிக் கரைந்துவிடும். பலமாகத் தட்டினால் சில படிகங்களில் வேறு மாதிரி நடக்கும். தட்டுப்பட்ட அணுவும் அதை ஒட்டிய நாலைந்தும் மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்துக்கு ஒன்றும் போகாது. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்திக்கு வந்த கோபம் அவள் அறைக் கதவைத் தாண்டாமல் நிற்பது போல. என் கம்ப்யூட்டரில் அது அப்படித்தான் நின்றது. எவ்வளவு பலமாகத் தட்டினாலும் அந்த ஓரிடம் எல்லா அடியையும் வாங்கிக்கொண்டது, வரிசை கலையவில்லை. நிஜக் கல்லும் அப்படியே தாங்கும் என்று கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன்.

அண்ணி கையைத் தூக்கினாள். "எப்பவும் அந்த மூலையில இருக்கிற ஒண்ணையே தட்டுறியே, ஏன்? வேற ஒண்ணைத் தட்டிப் பாரேன்."

"அண்ணி, சுத்தமான படிகத்துல எல்லா அணுவும் ஒண்ணுதான். இங்க தட்டினா என்ன, அங்க தட்டினா என்ன? தோசைக்கல்லா இது, நடுவுல மட்டும் சூடாக?" என்றேன்.

அறை முழுக்கச் சிரித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சரி, நீ சொன்னா சரி" என்று உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே நாள் குறித்தார்கள்.

லேசர் விடும் நாளன்று காலை, தலைவர் என்னிடம் ஒரு படம் கேட்டிருந்தார். முடிவு வந்ததும் மாட்டிவைக்க அழகாக ஒன்று. கம்ப்யூட்டரில் முன்பு ஓட்டிப் பார்த்த என் பழைய ஓட்டத்தைத் திறந்து, அணுக்களுக்கு நிறம் கொடுத்தேன். வேகமாக ஆடுவது சிவப்பு, மெதுவாக ஆடுவது நீலம் என்று வழக்கமாகக் கொடுப்பேன். அவசரத்தில் விரல் பட்டியலில் ஒரு வரி கீழே அழுத்திவிட்டது. வேகத்துக்குப் பதில் எடை. அதனால் என்ன, எல்லா அணுவுக்கும் ஒரே எடை, எல்லாம் நீலமாக வரும், திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

எல்லாம் நீலமாகத்தான் வந்தது. மூலையில் ஒன்று மட்டும் மஞ்சள்.

படம் வரையும் நிரலில் கோளாறு என்று முதலில் நினைத்தேன். மூடித் திறந்தேன். மஞ்சள் அங்கேயே இருந்தது. அணுக்களின் பட்டியலைத் திறந்தேன். முதல் வரியிலேயே அது இருந்தது. மற்றவற்றைவிட எடை குறைந்த வேற்று அணு.

எப்படி வந்தது என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் கலப்படப் படிகங்களைப் பார்த்தவர். நல்ல அணுக்களுக்கு நடுவே அங்கங்கே லேசான அணுக்களைச் செருகி ஆட்டிப் பார்ப்பார். அவர் அடுக்கிய படிகத்தையே நான் எடுத்துக்கொண்டேன். புதிதாக அடுக்கச் சோம்பல். உள்ளே ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இருந்த வேற்று அணுக்களை எல்லாம் நல்ல அணுக்களாக மாற்றினேன். விளிம்பில் இருந்த ஒன்று கட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அதோடு போயிருந்தால்கூடப் பெரிய மோசம் இல்லை. தட்டுவது என்று வந்தால் எங்கள் தொழிலில் எல்லோரும் பட்டியலின் முதல் அணுவைத்தான் தட்டுவோம். எல்லாம் ஒன்றுதான் என்கிறபோது முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போவோமே என்கிற நினைப்பு. நானும் அதைத்தான் தட்டினேன், ஒவ்வொரு தடவையும். லேசான அணு, அது தன்பாட்டுக்குத் தனியாகத்தான் ஆடும். அடியை எல்லாம் வாங்கிக்கொண்டது அந்த வேற்று அணு. நான் படிகத்தின் குணம் என்று படம் போட்டுக் காட்டியது அந்த ஒரு அணுவின் குணத்தைத்தான்.

அண்ணியின் கல்லில் அப்படி ஒன்று கிடையாது. கலப்படமே இல்லாமல் வளர்க்கத்தானே அவள் ஒரு வருஷம் உலை முன்னால் நின்றாள்.

அந்த ஒரு எடையைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். சேர்ந்து கணக்குப் போடும் எங்கள் கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு எருமை என்று பெயர். மெதுவாக நடக்கும், ஆனால் நிற்காது. திரையில் ஆட்டம் முதலில் மூலையில் நின்றது. நான் மூச்சு விட்டேன். அப்புறம் இரண்டு இடத்தில் ஆரம்பித்தது, நாலு இடமாயிற்று, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு ஓடி, நீல வரிசைகள் சரிந்தன. நான் சொன்ன பலம் வரைகூடப் போகவில்லை. பழைய எல்லையைத் தாண்டிய கொஞ்சத்திலேயே சரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அண்ணியிடமிருந்து செய்தி வந்தது. "உள்ளே போறேன். கல்லைப் பொருத்திட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிப்போம். போன் லாக்கர்ல இருக்கும். உன் கணக்கை நம்பித்தான் போறேன், புலி."

"அண்ணி, நில்லுங்க" என்று தட்டினேன். அழித்தேன். "ஒரு சின்னச் சந்தேகம்" என்று தட்டினேன். சந்தேகமா? அதையும் அழித்தேன். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன் சிரிக்கப் பார்த்து முடியாமல் போன முகம் இப்போது சிரிக்கும். "வேற ஒண்ணைத் தட்டிப் பாருன்னு சொன்னேனே" என்பாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொல்வாள். மாமியார் கேட்டு, மாமனார் கேட்டு, அடுத்த பத்து வருஷத்துக்கு அது வீட்டுக் கதையாகிவிடும்.

ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது, அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்கின் கால இடைவெளியைப் பாதியாக்கி, இன்னும் நுணுக்கமாக இரண்டாவது தடவை ஓட்டினேன். ஓடும்வரை கேன்டீனில் எதையோ வாங்கி, எதையோ மென்று விழுங்கினேன். திரும்பி வந்தபோது நீல வரிசைகள் சரிந்து கிடந்தன. சரி, படிகம் சின்னது, பெரிதாக அடுக்கினால் மாறலாம் என்று மூன்றாவது தடவையும் ஏற்றினேன். சப்பைக்கட்டு என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் எருமையின் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கணவர் போன் செய்தார்.

"அக்கா எடுக்க மாட்டேங்கறா. ஆரம்பிச்சிட்டாங்களா? அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"என்ன தப்பு?"

சொன்னேன். அவருக்கு அணுவும் தெரியாது, ஆட்டமும் தெரியாது, வங்கியில் வேலை. ஆனால் கேட்க வேண்டியதைச் சட்டென்று கேட்டார்.

"அப்போ கல்லு உடையுமா?"

"உடையலாம்."

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்லிட்டு இருக்கே? அவகிட்ட போய்ச் சொல்லு!"

"இன்னொரு ஓட்டம் முடிஞ்சா..."

"ஏய், போன்னா போ!" கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. நாற்காலி பின்னால் விழுந்தது. எடுத்துக்கூட நிறுத்தவில்லை, ஓடினேன்.

லேசர் கட்டடம் எதிர்ப்பக்கம். நடுவில் வண்டிகள் நிறுத்தும் முற்றம். லிஃப்ட் எங்கோ மேலே நின்றிருந்தது. படியில் இறங்கினேன், ஒரு செருப்பு பாதியில் கழன்றுபோயிற்று. ஓடிக்கொண்டே லேசர் அறையின் உள் எண்ணுக்கு அடித்தேன். பிஸி என்கிற சத்தமே வந்துகொண்டிருந்தது. லேசர் ஓடும்போது கவனம் சிதறக்கூடாது என்று அந்தப் போனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள். அந்த ஏற்பாட்டை இதற்கு முன் நானே பாராட்டியிருக்கிறேன்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தால் யாரும் திறக்க முடியாது. கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தேன். அண்ணி திரைக்கு முன்னால் குனிந்து நின்றாள், முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் லேசர்காரர் கை ஒரு திருகின்மேல் இருந்தது. படிப்படியாகத்தான் பலத்தை ஏற்றுவார்கள். எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று இங்கிருந்து தெரியாது. கதவைத் தட்டினேன். கையால் குத்தினேன். உள்ளே பம்பு இரையும் அறை. இடி விழுந்தாலும் கேட்காது.

லேசர்காரர் எதையோ கேட்டார். அண்ணி தலையாட்டினாள். அவர் கை திரும்பியது.

கதவின் பக்கத்தில், பிளாஸ்டிக் மூடிக்குள், அவசர நிறுத்தம் இருந்தது. தீப்பிடித்தால் அழுத்துவது. அழுத்தினால் லேசர் மட்டுமல்ல, பம்பு, கருவிகள் எல்லாம் செத்துப்போகும். மறுபடி உயிர் கொடுக்க வாரம் ஆகும். வளாகம் முழுக்க மணி அடிக்கும். தலைவர் இறங்கி வருவார். எல்லோரும் வந்து என்னைத்தான் பார்ப்பார்கள்.

அங்கேயும் ஒரு கணம் நின்றேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. மூடியைத் தூக்கி அழுத்தினேன்.

மணி காதைப் பிளந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது, கதவு திறந்துகொண்டது. லேசர்காரர்தான் முதலில் வெளியே பாய்ந்தார்.

"எங்க தீ? யாரு அழுத்தினது?"

"நான்தான்."

"பைத்தியமா உங்களுக்கு? அது தீக்குத்தாங்க! லேசர் ட்யூப் போயிருந்தா யாரு..."

அவருக்குப் பின்னால் அண்ணி வந்தாள். என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். "வீட்டுல யாருக்கு என்ன?" என்றாள், முகம் வெளிறிப்போய். அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வீட்டுல ஒண்ணும் இல்ல அண்ணி. கணக்கு தப்பு. நான் தட்டினது வேற அணு. லேசான அணு ஒண்ணு உள்ள இருந்திருக்கு. உங்க கல்லு தாங்காது."

அவள் லேசர்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லையைத் தாண்டிட்டமா?"

"ஒரு படிதான் மேடம். இப்பத்தான் ஏத்தினேன்" என்றார் அவர். அவர் கோபமும் அடங்கிவிட்டது.

கல் இருந்த வெற்றிடக் கலத்துக்குள் காற்றை விட்டு, அது ஆறும்வரை காத்திருந்து, அண்ணியே கையுறை போட்டு அதை எடுத்தாள். நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, "பாரு" என்று இடம் விட்டாள்.

நான் பார்த்தேன். ஒரு விளிம்பிலிருந்து உள்நோக்கி மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தது. நடுவரை வந்து நின்றிருந்தது. அதற்கப்பால் கல் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" அண்ணி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். ஓடிவந்த வேகத்துக்கு யாரும் நம்புவார்கள். லேசர்காரர்கூட அதைத்தான் எதிர்பார்த்தது போல் நின்றார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றேன். "நீங்க செய்தி அனுப்பினப்போ தெரியும்."

"அப்புறம்?"

"மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மூணு தடவை."

"முதல் தடவையே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்போ மத்த ரெண்டும் எதுக்கு?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. கல்லைப் பஞ்சில் வைத்து மூடினாள். மூடி இரண்டு தடவை சரியாக உட்காரவில்லை. இவளை ஜெயிக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்.

லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் அது அடித்தது. அவள் தம்பிதான். அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"கொஞ்சம் கீறல் விட்டுருக்கு. பாதி தேறும்" என்றாள் அண்ணி. "ஆமா, உன் பொண்டாட்டிதான் வந்து நிறுத்தினா. செருப்புகூட இல்லாம ஓடி வந்தா. வரலன்னா முழுசும் போயிருக்கும். அம்மாகிட்ட சொல்லிடு."

வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "வீட்டுக்கு இவ்வளவு போதும். இங்க எல்லாத்தையும் சொல்லணும். நாளைக்குக் கூட்டம். மூணு தடவைங்கிறதையும் சேர்த்துச் சொல்லு."

மறுநாள் அதே கூட்ட அறை, அதே நாற்காலிகள், அன்று சிரித்த அதே முகங்கள். மஞ்சள் புள்ளியைத் திரையில் போட்டேன். விளிம்பில் விட்டுப்போனதைச் சொன்னேன், முதல் அணுவையே தட்டியதைச் சொன்னேன். அதுவரை தலைவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதிரித் தப்பு யாருக்கும் வரும் என்று அவரே சொன்னார். அத்துடன் உட்கார்ந்திருக்கலாம். மூன்று ஓட்டங்களின் நேரத்தையும், லேசர் ஆரம்பித்த நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது புரியலையே. முதல் ஓட்டத்துலயே தெளிவா இருக்கு. ஏன் உடனே போகல?"

அண்ணி தலையைத் தூக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி சொன்னது சரின்னு ஒத்துக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆச்சு சார்" என்றேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வெளியே யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"பாதிக் கல்லு இருக்கு" என்றாள் அண்ணி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு. "வெட்டி எடுத்துத் தேய்ச்சா ஒரு தடவை லேசருக்குப் போகும். அதுக்குள்ள கணக்கு வேணும். இப்ப எந்த அணுவைத் தட்டப்போறே?"

"நீங்களே சொல்லுங்க அண்ணி" என்றேன். அவள் எழுந்து வந்து, திரையில் இருந்த ஆயிரக்கணக்கான நீலப் புள்ளிகளை நின்று பார்த்தாள். தழும்பு இருந்த கையை நீட்டி, நடுவில் ஒன்றைத் தொட்டாள்.